வானவில் பேரணிக்குப் போகிறீர்களா? கையில் என்ன விசா?

சிங்கப்பூரின் ஹாங் லிம் பூங்கா, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவிலிருந்து அதிக தூரமில்லை. ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் ஒரு சனிக்கிழமை அங்கே இளஞ்சிவப்பு உடையில் பெருங்கூட்டம் சேர்கிறது. 'பிங்க் டாட்' என்று பெயர். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் அவர்களுடைய பெற்றோரும் நண்பர்களும் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பாட்டும் பேச்சும் கேட்கிறார்கள். இருட்டியதும் கைவிளக்குகளை உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஊர்வலம் கிடையாது, கோஷம் அதிகம் கிடையாது. சென்னையிலிருந்து சுற்றுலா விசாவில் போன ஒருவர், முஸ்தபா கடைக்குப் போவதற்கு முன் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்று உள்ளே நுழைந்தால் மட்டும் அது குற்றம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிங்க் டாட் தொடங்கிய 2009-ல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவு அந்நாட்டில் உயிரோடு இருந்தது. அப்போது வெளிநாட்டவர் ஓரமாக நின்று பார்க்க முடிந்தது. 2016 நவம்பரில், பூங்காவுக்குள் இருக்கும் பேச்சாளர் முனைக்கான விதிகள் மாறின. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர மற்றவர்கள் வரக்கூடாது என்றானது. கலந்துகொள்பவர், வேடிக்கை பார்ப்பவர் என்று சட்டம் இனி பிரித்துப் பார்க்காது என்று ஏற்பாட்டாளர்களே 2017-ல் எச்சரித்தார்கள். அந்த ஆண்டு பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து, அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். 377ஏ பிரிவு 2023 ஜனவரியில் நீங்கிவிட்டது. ஆனால் வெளிநாட்டவருக்கான தடை நீங்கவில்லை. வொர்க் பெர்மிட்டில் கட்டட வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரருக்கும், எஸ் பாஸில் இருக்கும் மென்பொருள்காரருக்கும், கல்லூரி மாணவிக்கும் அதே விதிதான். அவர்களுக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம், தங்கும் அனுமதியே கையைவிட்டுப் போவது.

பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: அந்த நாட்டில் தன்பால் உறவு குற்றமா, இல்லையா? அது பாதிக் கேள்விதான். பேரணியன்று பயணியைத் தொடுவது வேறு மூன்று சட்டங்கள். கூட்டம் கூடுவது பற்றிய சட்டம் ஒன்று, வெளிநாட்டவர் என்னென்ன செய்யலாம் என்ற குடிவரவுச் சட்டம் இன்னொன்று, பையில் என்ன இருக்கலாம் என்ற சட்டம் மூன்றாவது.

துருக்கி இதற்கு நல்ல சாட்சி. 1858-ல் ஒட்டோமான் பேரரசு புதிய தண்டனைச் சட்டம் எழுதியபோதே தன்பால் உறவு குற்றப் பட்டியலில் இடம்பெறவில்லை. வெள்ளைக்காரர்கள் நம் தலையில் 377-ஐக் கட்டுவதற்கு இரண்டு ஆண்டு முந்தைய கதை அது. 2003-ல் இஸ்தான்புல்லில் முதல் பேரணி நடந்தபோது வந்தவர்கள் சுமார் 30 பேர். பத்தே ஆண்டுகளில் இஸ்திக்லால் தெரு பல்லாயிரம் பேரால் நிரம்பி வழிந்தது. 2015-ல் ரமலான் மாதம் என்ற காரணம் சொல்லப்பட்டு, கூட்டத்தின் மீது போலீஸ் தண்ணீர் பீரங்கியைத் திருப்பியது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் தடை. பேரணி நாளன்று தக்சிம் மெட்ரோ நிலையத்தை மூடிவிடுகிறார்கள். 2022-ல் ஒரே நாளில் 370-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள்.

2023-ல் நடந்ததுதான் பயணிகள் கவனிக்க வேண்டியது. நண்பரைச் சந்திக்கப் போய்க்கொண்டிருந்த போர்ச்சுகல் நாட்டு இளைஞர் ஒருவர், இந்தப் பக்கம் போகலாமா என்று போலீஸாரிடமே விசாரித்திருக்கிறார். பேரணிக்கு வந்தவர் என்று கருதி அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தன் தோற்றத்தைப் பார்த்தே பிடித்தார்கள் என்று பின்னால் ஊடகங்களிடம் அவர் சொன்னார். சிரியா எல்லைப் பக்கம்வரை கொண்டுபோய் அடைத்து, சுமார் 20 நாள் கழித்துத்தான் நாடு திரும்ப விட்டார்கள். ஜூன் கடைசி ஞாயிறன்று இஸ்தான்புல்லில் இருப்பவர்கள், பேரணியில் துளியும் ஆர்வம் இல்லாதவர்களானாலும், தக்சிம் பக்கத்து அறையை வேறு பகுதிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

புடாபெஸ்ட் கதை வேறு மாதிரி. 2025 மார்ச்சில் ஹங்கேரி நாடாளுமன்றம் பேரணியைத் தடை செய்ய வழி செய்தது. முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பயன்படுத்தவும், கலந்துகொள்பவருக்கு 2 லட்சம் ஃபோரிண்ட் வரை அபராதம் போடவும் அனுமதித்தது. நகர மேயர் அதை மாநகராட்சி நிகழ்ச்சி என்று அறிவிக்க, ஜூன் 28 அன்று இதுவரை காணாத கூட்டம் திரண்டது. வந்தவர்களுக்கு அபராதம் போடப்போவதில்லை என்று பிறகு போலீஸ் சொல்லிவிட்டது. உள்ளூர்க்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். ஷெங்கன் விசாவில் போகிற நாம், அடுத்த விசா விண்ணப்பத்தையும் நினைத்துப் பார்த்துத்தான் அந்தக் கூட்டத்தில் கால் வைக்க முடியும்.

எல்லா ஊரும் இப்படியில்லை. ஆசியாவில் முதன்முதலாகத் தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கிய தைவானின் தலைநகர் தைபேயில், அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் பேரணிக்கு அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். 2025 ஜனவரியில் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்த தாய்லாந்தில், பாங்காக் பேரணியைச் சுற்றுலாத் துறையே கொண்டாடுகிறது. அங்கெல்லாம் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டிலும், ஜிப் வைத்த பையும் போதும்.

இந்தியாவை மட்டும் விட்டுவிட்டுப் பேசக்கூடாது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் கலந்துகொண்டதற்காக, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஜெர்மன் மாணவர் ஒருவரும், கொச்சிக்கு வந்த நார்வே சுற்றுலாப் பயணி ஒருவரும் விசா விதியை மீறினார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது வேறு பிரச்சினை, வேறு கூட்டம்தான். ஆனாலும் சென்னையின் வானவில் பேரணிக்கு வெளிநாட்டு நண்பரை அழைக்கிறவர்கள் இதைச் சொல்லி அழைப்பது முறை.

இனி மூன்றாவது சட்டம், பைக்குள் இருப்பது. சென்னையிலிருந்து சிட்னிக்கும் பாங்காக்குக்கும் மலிவான டிக்கெட் பல நேரம் கோலாலம்பூர் வழியாகத்தான் கிடைக்கும். 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் கடை கடையாகப் போய் ஸ்வாட்ச் நிறுவனத்தின் வானவில் நிறக் கைக்கடிகாரங்கள் 172-ஐப் பறிமுதல் செய்தார்கள். ஆகஸ்டில் அந்த வகைக் கடிகாரங்களுக்கு முறைப்படி தடை வந்தது. வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. வாரன்ட் இல்லாமல் எடுத்ததால் பிடித்தவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி 2024 நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் உண்டு, காலம் உண்டு. மூன்று மணி நேர இடைநிறுத்தத்தில் இருக்கும் பயணிக்கு இரண்டும் கிடையாது. பேரணியில் வாங்கிய கொடி, பட்டை, பேட்ஜ் எல்லாவற்றையும் அந்த ஊரிலேயே நண்பரிடம் கொடுத்துவிட்டு வருவது கோழைத்தனமாகாது.

பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1963-ன் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும் என்கிறது. கேட்டால் என்பதுதான் முக்கியம். 'என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்' என்று வாய்விட்டு, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கைப்பேசியை முதலில் பிடுங்கிக்கொள்வார்கள். எனவே தூதரகத்தின் அவசர எண்ணும், ஏற்பாட்டாளர்கள் அறிவித்திருக்கும் சட்ட உதவி எண்ணும் காகிதத்தில் எழுதிப் பையில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும்.

தூதரகம் என்ன செய்யும் என்பதில் பலருக்கும் மிகை நம்பிக்கை. அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். வழக்கை ரத்து செய்து வெளியே கொண்டுவர அவர்களால் முடியாது. வீட்டுக்குத் தகவல் என்பதே சிலருக்குச் சிறையைவிடப் பெரிய பயம். யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். பயணக் காப்பீட்டை நம்பிப் பயனில்லை. சட்டத்தை மீறியதால் வந்த செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்குச் சிட்னியில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1978 ஜூன் 24 இரவு அங்கே நடந்த முதல் 'மார்டி கிரா' பேரணியில் 53 பேரைக் கைது செய்தார்கள். அவர்களுடைய பெயர், முகவரி, வேலை எல்லாவற்றையும் நகரின் பெரிய நாளிதழ் அச்சிட்டது. பலருக்கு வேலை போனது, வீடு போனது. 2016-ல் நாளிதழும் மாநில நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டன. அதே சிட்னியில் இன்று பல லட்சம் பேர் தெருவோரம் நின்று பேரணியைப் பார்க்கிறார்கள்.

இப்போது ஒருவரைக் காட்டிக்கொடுக்க நாளிதழ் தேவையில்லை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் ரீல்ஸ் போதும். பேரணியில் படம் எடுக்கிறவர்கள் முகம் தெரியும்படி எடுத்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சேர்த்து உடனுக்குடன் பதிவிடக்கூடாது. தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீக்கப்படாத இலங்கையிலிருந்து வந்த தோழி அந்தப் படத்தில் இருக்கலாம். வீட்டில் இன்னும் சொல்லாத மதுரைப் பையனும் இருக்கலாம். படத்தில் வர விரும்பாதவர்கள் முகமூடி அணிவதில் வெட்கப்பட ஏதுமில்லை. 2009-ல் சென்னை மெரினாவில் நடந்த முதல் பேரணிக்கும் இது பொருந்தும், இந்த ஆண்டுப் பேரணிக்கும் பொருந்தும்.

ஊர் திரும்பிய பிறகு யாராவது அந்தப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்கக்கூடாது. ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவின்கீழ் குற்றம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பாலின ஈர்ப்பு ஒருவரின் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்குப் போனால் அங்கேயும் கேலி செய்வார்களோ என்ற தயக்கம் நியாயமானதே. அதற்காகத்தான், சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தந்த உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி 2022-ல் சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையும் போலீஸார் துன்புறுத்தக்கூடாது என்கிறது அது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், மனுவில் அந்த விதி எண்ணையும் எழுதுங்கள், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் நிலையத்தைவிட்டு இறங்காதீர்கள்.