முனையத்திலிருந்து ஒரு மடல்

சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022இல் அது மறுபடி கதவைத் திறப்பதற்குள் முதலீட்டாளர்களின் பார்வை மலேசியாவின் ஜொகூர் பக்கம் திரும்பிவிட்டது. கூலாயில் செம்பனை நின்ற நிலத்திலும், செடெனாக்கிலும், கேலாங் பாத்தாவிலும் இன்று சர்வர்கள் ஓடுகின்றன. அவை குடிக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசுகிறோம்; பேசவும் வேண்டும். ஆனால் அங்கே வேலைக்குப் போகவிருக்கும் நம் பிள்ளைகள் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். மின்னஞ்சலைக் கட்டளையாகத் தட்டி அனுப்பத் தெரிவது அவற்றில் ஒன்று என்பது என் கருத்து. அதையும் தமிழில் அனுப்பிப் பழக வேண்டும்.

சர்வர்களுக்குத் திரையோ மவுஸோ பெரும்பாலும் கிடையாது. தொலைவிலிருந்து முனையம் (டெர்மினல்) வழியாக நுழைந்து, எழுத்துகளாலேயே வேலை வாங்க வேண்டும். இரவில் தானாக ஓடும் பணியின் விவரத்தைப் பொறுப்பாளருக்கு அந்த இயந்திரமே மடலாக அனுப்பிவிடும். இப்படிப்பட்ட சூழலுக்குப் பொருத்தமானது ‘மட்’ (Mutt) என்ற மின்னஞ்சல் நிரல். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கியது அது. இலவசமானது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. உங்கள் பெயர், அனுப்புநர் முகவரி, மடல் வெளியேறும் சர்வர், எழுதுவதற்கான எடிட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கலாம். எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று பட்டியல் பட்டியலாகத் திறந்து தேட வேண்டியதில்லை. கோப்பை இன்னொரு கணினிக்கு நகலெடுத்தால் அமைப்பு முழுவதும் கூடவே வந்துவிடும். வந்த மடலைத் திறந்து ஒரு விசையை அழுத்தினால், அது எந்தெந்த சர்வர்களைத் தாண்டி வந்தது என்பதும் தெரியும். போலி மடலைப் பிடிக்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தமிழ் இங்கேதான் வருகிறது. மலேசியாவின் மைமோஸ் ஆய்வு நிறுவனம் 1980களின் பிற்பாதியில் ராங்கோம் வலையமைப்பைத் தொடங்கியபோதும், 1992இல் ஜாரிங் இணையச் சேவை வந்தபோதும், மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டிருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியதும், ஒருவர் எழுதிய தமிழ் இன்னொருவர் திரையில் குப்பையாகத் தெரிந்த குறியீட்டுக் குழப்பத்தை யூனிக்கோடு தீர்த்ததும் நாம் கடந்து வந்த வழி. ஆனால் அடித்தளம் இன்னும் பழையதுதான். ‘ஜொகூர்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடில் ஆறு குறி. யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். அதைத் தலைப்பு வரியில் அனுப்பினால் 24 ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளுமாக மாறிப் பயணம் செய்யலாம். மறுமுனை அதைத் திரும்பத் தமிழாக்குகிறது. சர்வரின் மொழியமைப்பு யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தமிழ் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகள்தாம் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. தமிழில் ஒரு வரி எழுதிப் பார்த்தவர் அதை உடனே பிடித்துவிடுவார்.

கைப்பேசியில் தொட்டால் போகிற மடலுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அன்றாடக் கடிதங்களுக்குத் தேவையில்லைதான். ஆனால் அந்தக் கைப்பேசியின் மடலைச் சுமக்கும் சர்வரை யாரோ ஒருவர் முனையத்தில்தான் சரிசெய்கிறார். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதுவது ஆபத்தில்லையா என்பது இதைவிட நியாயமான கேள்வி. ஆபத்துதான். அதைத் தனியாகக் குறியாக்கம் செய்து வைக்கும் வழி உண்டு. கூகுள் 2022 மே மாதத்திலிருந்து வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளி நிரல்கள் தனிநபர் கணக்குக்குள் நுழைவதை நிறுத்திவிட்டதால், வேறுவகை அனுமதியைப் பெறவும் கற்க வேண்டியிருக்கிறது. மிக வலுவான மறுப்பு தமிழ் எழுத்தின் வடிவம் பற்றியது. முனையம் ஒவ்வொரு எழுத்துக்கும் சம அளவுக் கட்டத்தை ஒதுக்குகிறது. நம் கொம்பும் காலும் அதில் அடங்காமல் சிதறுவதுண்டு. அப்போதும் அனுப்பிய மடல் சிதைவதில்லை, பெறுபவர் ஒழுங்காகவே படிப்பார். சொந்தக் கணினியில் என்றால் தமிழை நன்றாகக் காட்டும் எடிட்டரை ‘மட்’ நிரலில் இணைத்தும் எழுதலாம். காட்சிப் பிழையைத் திருத்துவது தனி வேலை. திறந்த மூலநிரல்களில் அதைப் பிழையாகப் பதிவுசெய்து திருத்தம் கேட்க யாருக்கும் தடையில்லை. ஆனால் கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த முனையத்தைப் பயன்படுத்தினால்தான் அந்தப் பதிவு எழுதப்படும்.