கிணற்றுப் பொந்தில் வெள்ளைக் குஞ்சு: கழுகா, கூகையா?

கிணற்றுச் சுவரில் ஒரு பொந்து. அல்லது பம்புசெட் அறையின் மேல்தளம், பூட்டிக் கிடக்கும் பழைய வீடு, கோயில் கோபுரத்து மாடம். உள்ளே வெள்ளைப் பஞ்சு உருண்டைகளைப் போல மூன்று நான்கு குஞ்சுகள். முகம் குரங்கின் முகம் போல நீண்டிருக்கிறது. கிட்டே போனால் பாம்பு சீறுவது போலச் சத்தம் வருகிறது. யாரோ கைபேசியில் படம் எடுத்து அனுப்ப, 'அபூர்வக் கழுகு', 'வெளிநாட்டுப் பறவை' என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இப்படி ஒரு படம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம்.

பெரும்பாலும் அது கூகைக் குஞ்சுதான். 2017-ம் ஆண்டு விசாகப்பட்டினத்தில் கட்டுமானம் நடந்த ஒரு கட்டடத்தில் இருந்த மூன்று குஞ்சுகளின் வீடியோ பரவியபோது, 'வேற்றுக்கிரகவாசிகள்' என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அவையும் கூகைக் குஞ்சுகளே.

பெயர் தெரியாமல் போவதால் நஷ்டம் விவசாயிக்குத்தான். பயந்துபோய் அடித்துவிடுகிறோம், அபூர்வம் என்று கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் ஊட்டுகிறோம், அபசகுனம் என்று பொந்தை அடைத்துவிடுகிறோம். எப்படிச் செய்தாலும், நம் வயலில் கூலி கேட்காமல் எலி பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அழிந்துபோகிறது.

நிறத்தை நம்பாதீர்கள்

குஞ்சு பல நேரம் தாயைப் போல இருக்காது. பறவையின் மெல்லிய முதல் தூவி வேறு, பின்னால் முளைக்கும் இறகு வேறு. அதனால் படத்தைப் பார்த்ததும் நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அலகு, கண், கால்விரல், இருந்த இடம், இரை கொண்டுவரும் பறவை ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். நிறம் கடைசியில்தான்.

கூகைக் குஞ்சின் அடையாளம்

அலகு: கூகையின் அலகு வெளிறிய நிறத்தில் கீழ்நோக்கித் தொங்கும். பாதி முகத்துத் தூவியிலேயே மறைந்திருக்கும். பருந்து, வல்லூறு போன்றவற்றின் குஞ்சுகளுக்கு வளைந்த அலகு முன்னால் துருத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரியும்.

கண்: இரண்டு கண்களும் நம் கண்களைப் போல முன்பக்கம் பார்த்திருக்கும், கருமையாக இருக்கும். பருந்துக் குஞ்சின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கும். கண் மஞ்சளாகவும், தலை உருண்டையாகவும், உடல் சிறியதாகவும் இருந்தால் அது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் புள்ளி ஆந்தையின் குஞ்சு.

முகம்: குஞ்சு வளர வளர முகத்தைச் சுற்றி இதய வடிவில் ஒரு விளிம்பு தெளிவாகத் தெரியும். இந்த முகம் கூகைக்கே உரியது.

அளவு: ஒரே கூட்டில் ஒரு குஞ்சு பெரிதாகவும், அடுத்தது சற்றுச் சிறிதாகவும், கடைசி மிகவும் சிறிதாகவும் படிக்கட்டு போல இருக்கும். கூகை ஓரிரு நாள் இடைவெளியில் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதே காரணம். அளவு வேறாக இருப்பதால் வேறு வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

இடம்: கூகை குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. பொந்து, மாடம், பரண் எதுவானாலும் வெறும் தரையிலேயே முட்டையிடும். மரக்கிளையில் குச்சிகளால் கட்டிய கூட்டில் வெள்ளைக் குஞ்சு இருந்தால் அது பருந்து அல்லது வல்லூறாக இருக்கலாம்.

கூட்டின் கீழே கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அது எச்சம் அல்ல. கூகை இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டையோடும் பற்களும் கிடைக்கும். நம் வயலைக் கெடுக்கும் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி எல்லாம் அதன் இரைதான். கூகை யாருக்காக உழைக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த உருண்டை ஒன்றே போதும். ஊர்க் கூட்டங்களில் வேளாண் அலுவலர்கள் இதைக் காட்டி விளக்கலாம்.

குழப்பும் மற்ற குஞ்சுகள்

வயலில் படம் எடுத்து அனுப்பப்படும் குஞ்சுகளில் இன்னும் சில அடிக்கடி குழப்பும்.

செம்போத்து: கறுத்த தோலின் மேல் வெள்ளை மயிர் போன்ற தூவி நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளம்பன்றிக் குட்டியோ என்று தோன்றும். புதரிலோ தென்னை மட்டைகளுக்கு இடையிலோ பந்து போன்ற கூட்டில் இருக்கும். தொந்தரவு செய்தால் நாற்றமடிக்கும் நீரைக் கழிக்கும்.

கானாங்கோழி: கரிக்கட்டை போலக் கறுத்த சிறு குஞ்சு, உடலுக்குப் பொருந்தாத நீண்ட கால்விரல்கள். வாய்க்கால், நெல் வரப்பு ஓரம் ஓடும். நாட்டுக்கோழிக் குஞ்சு என்று பிடித்துப் போகிறவர்கள் உண்டு.

ஆள்காட்டி: மண் நிறத்தில் புள்ளிகளோடு உழவு வயலில் அசையாமல் படுத்துவிடும். தலைக்கு மேல் பெரிய பறவைகள் கத்திக்கொண்டு வட்டமிட்டால் டிராக்டரை நிறுத்தி, முன்னால் ஒரு பார்வை பாருங்கள்.

குயில்: காகம் இரை ஊட்டுகிறது, ஆனால் குஞ்சு காகம் போல இல்லையா? காலைப் பாருங்கள். காகத்துக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. குயிலுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

படம் எடுக்கும்போது

முகம் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கால் தெரியும்படி ஒரு படம், இருந்த இடத்தோடு சேர்த்து ஒரு படம். இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலும் பெயர் சொல்லிவிடலாம். கையில் பிடித்து எடுக்க வேண்டாம். பிளாஷ் போட வேண்டாம். சத்தம் எழுப்பினால் சில விநாடி பதிவு செய்யுங்கள். மாவட்டம், தேதி, கண்ட நேரம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கூடு இருக்கும் இடத்தைப் பொதுக் குழுக்களில் போடாதீர்கள். ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

குஞ்சு கீழே கிடந்தால்

இங்கேதான் பெயர் தெரிவது உதவும். ஆள்காட்டி, கானாங்கோழிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடக் கூடியவை. தாய் பக்கத்திலேயே இருக்கும். அவற்றை எடுக்காமல் விலகிப் போவதே உதவி.

கூகைக் குஞ்சு அப்படி அல்ல. பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். தரையில் விழுந்துவிட்டால் தாய் பெரும்பாலும் இறங்கி வந்து ஊட்டாது. காயம் இல்லையென்றால் ஒரு துண்டைப் போர்த்தி மெல்ல எடுத்து, விழுந்த பொந்திலேயே திரும்ப வையுங்கள். நகம் கூர்மையானது, கவனம். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. பால், சோறு, ரொட்டி எதுவும் கொடுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஆந்தை இனங்களைப் பிடிப்பதும், கொல்வதும், வீட்டில் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எலி மருந்தில் கவனம்

கூகைக் கூடு தெரிந்துவிட்டால் அடுத்து செய்ய வேண்டியது அருகிலுள்ள வயல்களில் எலி மருந்தைத் தவிர்ப்பது. புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதுதான் கூகையிடம் முதலில் சிக்கும். எலியின் உடலில் உள்ள விஷம் கூகைக்கும் குஞ்சுக்கும் போய்ச் சேரும். குஞ்சுகள் பறக்கும் வரை தஞ்சாவூர் கிட்டி வைத்து எலியைப் பிடியுங்கள். வரப்புகளைச் சிறிதாக்கி வளைகளைக் குறையுங்கள். நெல் வயலில் ஆங்காங்கே 'டி' வடிவில் குச்சி நட்டால் இரவில் கூகையும் ஆந்தையும் உட்கார்ந்து வேட்டையாட வசதியாக இருக்கும். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டக்காரர்கள் கூகைக்கென்றே மரப்பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி வைக்கிறார்கள். நமக்குப் பெட்டி செய்யும் செலவுகூட இல்லை. இருக்கும் பொந்தை அடைக்காமல் விட்டாலே போதும்.

கிணறு தூர்வாரவோ, பழைய கட்டடத்தை இடிக்கவோ போகிறீர்களா? முதல் நாள் மாலை இருட்டும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். சீறும் சத்தம் கேட்டால், முடிந்தால் இரண்டு மாதம் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.