மழைக்கு அஞ்சும் மரக்காணம்

வானம் பொய்த்தால் வயல் வாடும். வயல் வாடினால் வயிறு வாடும். ஆகவேதான் நாட்டிலே உழவர் பெருமக்கள் அண்ணாந்து மேகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் தோழர்களே, கார்மேகம் திரண்டால் கவலையும் சேர்ந்து திரளும் ஊர் ஒன்று நம் தமிழகத்திலே இருக்கிறது. அடுத்த ஊர் உழவன் ‘பெய்யட்டும்’ என்பான். இந்த ஊர்த் தொழிலாளியோ ‘இன்னும் பத்து நாள் பொறுக்கட்டும்’ என்பான். வானம் ஒன்று, வயிறு இரண்டு! அந்த ஊர்தான் மரக்காணம்.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுவைக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலே இருக்கிறது இப்பேரூர். சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு. காரிலே போகும் கனவான்கள் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாம் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பின்மீது நடந்தோம்.

கிழக்கே கடல். மறுபுறம் கழுவெளி எனும் பரந்த நீர்வெளி. மழைநீர் வந்து தங்கும், முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் ஏறி வந்து கலக்கும். இடையே பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னையைக் கடந்து, சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் அக்கால்வாய் மரக்காணத்திலேதான் முடிகிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரணக் கூலிகளைக் கொண்டு வெட்டினார்கள். மண்வெட்டி பிடித்தவன் பசித்தவன். கால்வாய்க்குப் பெயரோ கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது! உப்பும் விறகும் நெல்லும் படகேறிப் பட்டணம் போயின. 1965, 66-ஆம் ஆண்டுப் புயல்கள் தாக்கிய பின்னர் போக்குவரத்து தேய்ந்து ஓய்ந்தது.

பழைய பெருமைக்கும் பஞ்சமில்லை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டிலே இருந்த எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார் உண்டு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு, இன்றும் அதே பெயருடன் வடக்கே அண்டையிலேயே இருக்கிறது. பெருமைதான்! ஆனால் பெருமையை உலையிலே போட்டுப் பொங்க முடியாதே. உலைக்கு உப்புத் தரும் ஊர், உலைக்கு அரிசி தேடும் கதையை அல்லவா நாம் பேசவேண்டும்?

தை பிறந்ததும் தொடங்குகிறது பாடு. மழைநீர் தேங்கிய பாத்திகளை இறைத்து, சேறு அள்ளி, வரப்பு கட்டி, களிமண் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். கால் கூசாமல் மிதித்தால்தான் மண் கசியாமல் நிற்கும். ஒரு லிட்டர் கடல்நீரிலே உள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிராம்தான். அந்த நீரைப் பெரிய பாத்தியிலே தேக்கி, வெயிலிலே வற்றவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, மீண்டும் வற்றவிட்டு, 24, 25 டிகிரி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கடைசிப் பாத்தியிலே கண்ணாடிச் சில்லுபோல் உப்பு பூக்கும். அளவு மீறி வற்றவிட்டாலோ கசப்பு உப்புகளும் கூடவே படியும். ஆகவே எஞ்சிய நீரை உரிய நேரத்தில் வெளியேற்ற வேண்டும். ஏட்டிலே படித்த இரசாயனம் அல்ல இது. காலும் கண்ணும் கற்றுத்தந்த பாடம்.

நீண்ட கழி பூட்டிய பலகையால் ஆடவர் வாருகிறார்கள். பெண்கள் கூடையிலே சுமந்து கரையேற்றிக் குவிக்கிறார்கள். நீர் சொட்டும் கூடை தலையிலே, நெருப்பென வெயில் அதற்கு மேலே! வெண்பரப்பிலே பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்கிறது. காலிலே சிறு வெடிப்பு இருந்தாலும் போதும், உப்புநீர் அதைத் தேடிப்போய்த் தீண்டும். ஆகவேதான் விடியுமுன்னே வேலைக்கு இறங்கி விடுகிறார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு; அவர்களுக்கோ பாதிநாள் முடிந்திருந்தது.

நிலம் யாருடையது? அளங்களில் பெரும்பரப்பு மத்திய அரசுக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். உப்பு உற்பத்தியும் விநியோகமும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலிலே 58-ஆவது இனம். நம் கடல், நம் வெயில், நம் வியர்வை, அதிகாரமோ டில்லியிலே! 1930-இல் வேதாரண்யத்திலே ஒரு பிடி உப்பு அள்ளியவர்கள் சிறை சென்றார்கள், வரலாற்றிலே இடம் பெற்றார்கள். குறை சொல்லவில்லை, அது வீரம்தான். உப்பு வரியும் 1947-இல் ஒழிந்தது. ஆனால் அன்றும் இன்றும் நாள்தோறும் கூடை கூடையாக அள்ளுகிறவன் பெயரை எந்த ஏடும் எழுதக் காணோம்.

ஐப்பசி பிறந்தால் அவன் கதை என்ன? வடகிழக்குப் பருவமழை இறங்கிய மறுநாளே பாத்தி குளமாகிறது. பூத்த உப்பு கரைகிறது. கூடவே கூலியும் கரைகிறது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறியபோது, இதே மாவட்டத்து மயிலத்திலே ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அவ்வளவு வெள்ளத்தின் முன் பாத்தி வரப்பு எம்மாத்திரம்! அருகிலுள்ள மீனவர் குப்பங்களும் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்ததை மறக்கவில்லை. ஆனால் அலை என்றோ ஒருநாள் வந்தது. மழையோ ஆண்டுதோறும் வருகிறது.

பறவைக்கு இவ்வூரிலே பட்டயம் கிடைத்திருக்கிறது. கழுவெளி 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பிலே பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-இல் பன்னாட்டு ராம்சர் பட்டியலிலும் ஏறிற்று. மகிழ்கிறோம். கடல் கடந்து வரும் நாரைக்கு மழைக்காலம் விருந்துக்காலம். வரப்பிலே நிற்கும் மனிதனுக்கு?

அவனுக்காகத்தான் மாநில அரசு 2022 முதல், அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. கேட்பாரற்றுக் கிடந்தவனைக் கேட்டறிந்து கொடுத்த செயல், பாராட்டுகிறோம். பாராட்டிய கையோடு கணக்கும் போட்டுப் பார்க்கிறோம். மூன்று திங்களுக்கு 92 நாள். நாளொன்றுக்கு 54 ரூபாய் சில்லறை. ஒரு குடும்பம், ஒரு நாள், 54 ரூபாய்! வீட்டிலே நால்வர் என்றால் ஆளுக்குப் பதின்மூன்றரை. தேநீர்க் கடைக்குப் போய் வந்தாலே தீர்ந்துபோகும் தொகை இது. தொகையை உயர்த்துக என்று நாமே நம் அரசிடம் கேட்பதில் தவறென்ன? குத்தகைப் பணம் வாங்கும் மத்திய அரசு, மழை மாதங்களிலே தன் பங்காக ஒரு தொகை தந்தால் என்ன என்று அங்கேயும் கேட்கவேண்டாமா?

கூட்டம் போட்டுத்தான் கேட்கவேண்டும் என்பதில்லை. மரக்காணத்துக் கிளைத் தோழர்களே, புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் விடியற்காலையில் அளத்துக்குப் போங்கள். பலகை பிடிப்பவன் பெயர் நிவாரணப் பட்டியலிலே இருக்கிறதா பாருங்கள். கூடை சுமக்கும் கைம்பெண்ணின் குடும்பம் இருக்கிறதா என்பதை அதற்கு முன்னே பாருங்கள். எட்டு மணிக்கு மேல் போகாதீர்கள். எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.