உலைக்கூடத்து ஆய்விதழ்கள்

இரும்பு, எஃகு உற்பத்தியை மட்டுமே பேசும் ஆய்விதழ்கள் உலகில் அதிகமில்லை. முக்கியமானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரிட்டனின் 'அயர்ன்மேக்கிங் அண்ட் ஸ்டீல்மேக்கிங்', ஜெர்மனியின் 'ஸ்டீல் ரிசர்ச் இன்டர்நேஷனல்', ஜப்பானின் 'ஐ.எஸ்.ஐ.ஜே. இன்டர்நேஷனல்', சீனாவின் 'ஜர்னல் ஆஃப் அயர்ன் அண்ட் ஸ்டீல் ரிசர்ச் இன்டர்நேஷனல்' ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. அமெரிக்காவின் 'மெட்டலர்ஜிக்கல் அண்ட் மெட்டீரியல்ஸ் டிரான்சாக்‌ஷன்ஸ் பி' மற்ற உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் எஃகு வார்க்கும் ஒரு தொழிலின் ஆராய்ச்சி அறிவு பெரும்பாலும் இப்படிப்பட்ட சில இதழ்களில்தான் சேர்ந்து கிடக்கிறது.

இவை ஏன் தேவைப்பட்டன என்பதை ஹென்றி பெஸ்ஸமரின் கதை காட்டும். 1856 ஆகஸ்டில் செல்டன்ஹாமில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதியே எஃகு செய்யலாம் என்று அவர் ஒரு கட்டுரை படித்தார். சில நாள்களில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அதை வெளியிட்டது. இரும்பாலை முதலாளிகள் போட்டிபோட்டு உரிமம் வாங்கினார்கள். வாங்கியவர்களின் எஃகோ தட்டினால் நொறுங்கியது. பெஸ்ஸமர் சோதனைக்குப் பயன்படுத்திய வார்ப்பிரும்பில் பாஸ்பரஸ் குறைவு. உரிமம் வாங்கியவர்களின் இரும்பில் அது அதிகம். பாஸ்பரஸ் இருந்தால் இந்த முறை பலிக்காது என்பது அவருக்கே அப்போது தெரியாது. கட்டுரை செயலைச் சொன்னது, மூலப்பொருளின் வேதிக் கணக்கைச் சொல்லவில்லை. இன்றைய ஆய்விதழில் சோதனைக் கட்டுரை எதையும் திறந்தால் பெரும்பாலும் தொடக்கப் பக்கங்களிலேயே தாதுவிலோ கசடிலோ என்னென்ன எத்தனை சதவீதம் என்ற அட்டவணை இருக்கும். அந்த அட்டவணை இல்லாத கட்டுரையைப் பிற உலைக்காரர்கள் நம்பி இறங்க முடியாது.

உலைக்காரர்களும் வேதியியலாளர்களும் கூடிப் பேச 1869-ல் லண்டனில் 'அயர்ன் அண்ட் ஸ்டீல் இன்ஸ்டிடியூட்' என்ற சங்கம் பிறந்தது. கூட்டத்தில் கட்டுரை படிக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து கேள்வி கேட்க வேண்டும், பிறகு இரண்டும் சேர்ந்து சங்கத்தின் இதழில் அச்சாகும். சபையில் நடந்த வாக்குவாதமே அன்றைய மதிப்பீடு.

அந்தச் சபையும் ஒருமுறை பெரிதாகச் சறுக்கியது. சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ் லண்டனில் ஒரு போலீஸ் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். மாலை வகுப்பில் வேதியியல் கற்றவர். காற்றை ஊதி எஃகு செய்யும் கலமான கன்வெர்ட்டரின் உட்பூச்சைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றிச் சுண்ணாம்பும் சேர்த்தால் பாஸ்பரஸ் கசடோடு போய்விடும் என்று அவர் கண்டுபிடித்தார். வேல்ஸில் இரும்பாலை வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிரிஸ்ட் சோதனைகளைச் செய்து கொடுத்தார். 1878 மார்ச்சில் சங்கத்தின் கூட்டத்தில் தாமஸ் எழுந்து இதைச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் பாரிஸில் நடந்த கூட்டத்துக்கு முழுக் கட்டுரையே எழுதிக் கொண்டுபோனார். நேரமில்லை என்று தள்ளிவைத்தார்கள். 1879 ஏப்ரலில் மிடில்ஸ்பரோ ஆலையில் முறை வெற்றிபெற்ற பிறகு, மே மாதம் அதே கட்டுரை படிக்கப்பட்டது. அதுவரை ஒதுங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மிகுந்த லொரேன் தாதுக்கள் அதன்பின் விலைபோயின. ஜெர்மனி 1890-களில் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அனுப்புகிறவர் யார் என்று பார்த்து எடைபோடும் பழக்கம் இன்றைய இதழ்களிலும் முற்றாக ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மற்ற நாடுகளும் தொடர்ந்தன. ஜெர்மன் உலைக்காரர்களின் 'ஷ்டால் உண்ட் ஐசன்' 1881-ல் வந்தது. ஜப்பானின் இரும்பு-எஃகுச் சங்கமும் அதன் 'டெட்சு-டு-ஹாகனே' இதழும் 1915-ல் தொடங்கின. இவற்றில் பழந்தொழிலுக்கும் இடமிருந்தது: லண்டன் சங்கத்தின் இதழில் 1912-ல் உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு, இலங்கையின் பழங்கால இரும்பு, எஃகுப் பொருள்களைப் பகுத்தாய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இலங்கையின் பழைய உலைத்தொழிலை ஆராய்பவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

இந்த இதழ்களின் அருமையைக் காட்ட ஊதுலையைவிட நல்ல உதாரணம் இல்லை. மேலே தாதுவும் கல்கரியும் அடுக்கடுக்காகக் கொட்டப்படும். கீழே சூடான காற்று ஊதப்படும். அடியில் உருகிய இரும்பு வழியும். நடுவில் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது, எட்டிப் பார்க்க வழியில்லை. 1960-களின் இறுதியிலிருந்து ஜப்பானிய ஆலைகள் ஒரு துணிச்சலான வேலை செய்தன. ஆயுள் முடிந்து மூடவேண்டிய உலைகளை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்து, மேலிருந்து அடுக்கடுக்காகத் தோண்டி இறங்கினார்கள். தாதுவும் கல்கரியும் கலந்துவிடாமல் வெகு ஆழம்வரை தனித்தனி அடுக்காகவே இருந்தன. ஓரிடத்தில் தாது இளகி, பாதி உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான வளையங்களாகக் கிடந்தது. அந்த வளையங்கள் வாயுவை விடாது. இடையிலிருந்த கல்கரி அடுக்குகளே வாயு போகும் வழி. இந்த ஒட்டுமண்டலத்தின் வடிவமும் உயரமும்தான் உலையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று தெரிந்தது. ஒரு கம்பெனி தன் உலையை வெட்டிப் பார்த்து அறிந்ததைப் பூட்டிவைத்திருக்கலாம். 1970-களில் அது இதழ்களில் வந்ததால், உலகெங்கும் உலைக்கணிப்பு மாதிரிகள் அதன்மேல் எழுந்தன.

இன்று ஒரு கட்டுரை வெளிவரும் வழி இது. ஆய்வாளர் இணையவழி அனுப்புகிறார். இதழின் ஆசிரியர் படித்து, பொருந்தாவிட்டால் அப்போதே திருப்பிவிடுகிறார். பொருந்தினால் அதே துறையில் உள்ள இரண்டு, மூன்று பேருக்கு அனுப்புகிறார். இந்த மதிப்பீட்டாளர்களின் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. வேலைக்குப் பெரும்பாலும் ஊதியமும் இல்லை. வெப்பநிலையை எந்தக் கருவியால், எந்த இடத்தில் அளந்தீர்கள், சோதனையை எத்தனை முறை செய்தீர்கள், ஆய்வகத்தில் ஒரு கிலோவில் நடந்தது 300 டன் கன்வெர்ட்டரில் நடக்குமா என்று கேள்விகள் வரும். பதில் எழுதித் திருத்தி அனுப்பச் சில மாதங்கள் ஆகிவிடும். வந்த நாளும் ஏற்ற நாளும் கட்டுரையின் முகப்பில் அச்சாகும்.

எஃகுத் துறைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நல்ல தரவு ஆலையில் இருக்கிறது, ஆலையோ வியாபார ரகசியம் காக்கிறது. அதனால் பல கட்டுரைகளில் ஆலையின் பெயர் 'ஏ', 'பி' என்று மட்டும் இருக்கும். வரைபடத்தின் அச்சில் எண்களே இருக்காது. கோடு ஏறுவது தெரியும், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று தெரியாது. இதழாசிரியர்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். இந்தியத் தாதுவில் அலுமினா அதிகம், நிலக்கரியில் சாம்பல் அதிகம். எண்ணில்லாத வெளிநாட்டு வரைபடத்தை வைத்து ஜாம்ஷெட்பூர் எஃகாலையில் எதுவும் செய்ய முடியாது. இந்தியாவின் 'டிரான்சாக்‌ஷன்ஸ் ஆஃப் தி இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டல்ஸ்' போன்ற உள்நாட்டு இதழ்களின் தேவையும் இங்கேதான் இருக்கிறது.

மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் போடும் மதிப்பெண்ணில் எஃகு இதழ்கள் கீழ்வரிசையில்தான் நிற்கும். நானோ பொருள், மின்கலம் என்று எழுதினால் மேற்கோள் குவியும். கசடின் பாகுத்தன்மையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்? பதவி உயர்வுக்கு அந்த எண்ணே அளவுகோலாகும்போது இளம் ஆய்வாளர்கள் உலைப்பக்கம் வரத் தயங்குகிறார்கள். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் தாதுவின் ஆக்சிஜனை நீக்கும் ஆராய்ச்சி இப்போது கொஞ்சம் கூட்டம் சேர்க்கிறது. உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 சதவீதம் எஃகுத்தொழிலுடையது என்பதால் இந்தக் கவனம் நீடிக்கும்.

இந்த இதழ்களுக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது. நூலகங்கள் சந்தா கட்டி வாசிக்கலாம். அல்லது எழுதியவரே சில ஆயிரம் டாலர் கட்டி எல்லோருக்கும் திறந்துவிடலாம். இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இதில் அடக்கம். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் வழியே இவற்றை வாசிக்கலாம்; தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் சேரவில்லை. அந்தக் கல்லூரி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஜப்பானின் 'ஜே-ஸ்டேஜ்' தளத்துக்குப் போகலாம்: 'ஐ.எஸ்.ஐ.ஜே. இன்டர்நேஷனல்' கட்டுரைகளை அங்கே காசில்லாமல் படிக்கலாம்.