அல்சூர் வள்ளுவர் சாக்குத்துணியிலிருந்து வெளிவந்த கதை

காவிரிச் சண்டை மூண்டால் ஓசூரில் முதலில் நிற்பது பேருந்து. தமிழகப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு திரும்பிவிடும். பெட்டியும் பிள்ளையுமாக மக்கள் எல்லையை நடந்தே கடந்து அத்திப்பள்ளியில் கர்நாடக வண்டி பிடிப்பார்கள். 2016 செப்டம்பரிலும் இதுதான் நடந்தது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது இதே சண்டையில் சிக்கிய ஒரு திருவள்ளுவர் சிலை. பிளவுபட்ட சமூகத்தில் ஒரு சிலை எப்படிச் சண்டைக்குள் இழுக்கப்படுகிறது, எப்படி மீள்கிறது என்ற இரண்டையும் அதில் பார்க்கலாம்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991இல் சிலை வந்தது. கன்னட அமைப்புகள் எதிர்க்க, திறப்பு விழா நின்றுபோனது; சிலை சாக்குத்துணியால் மூடப்பட்டது. காலமும் கெட்ட காலம். அந்த ஆண்டு ஜூன் 25 அன்றுதான் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கு ஓடிவந்தார்கள். வள்ளுவர் சாக்குத்துணிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் இந்தச் சிலைத் திறப்பும் ஒன்று. அதைவிடப் பெரிய கெடுதலை வள்ளுவருக்கு யாரும் செய்திருக்க முடியாது என்பேன். அதற்குப் பிறகு எந்த அரசு திறந்தாலும், கடத்தல்காரனுக்குப் பணிந்ததாகத்தானே பேச்சு வரும்?

முடிச்சு அவிழ்ந்தது 2009இல். எடியூரப்பா முதல்வராக இருந்த கர்நாடகத்தில், ஆகஸ்ட் 9 அன்று தமிழக முதல்வர் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. வள்ளுவர் இரண்டடியில் சொன்னவர், சர்வக்ஞர் மூன்றடியில் சொன்னவர். இருவரும் படை நடத்தவில்லை, எதிர்த்தரப்பில் யாரையும் வீழ்த்தவில்லை. இதற்கு மாறாக, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பல வீட்டுச் சுவர்களில் துப்பாக்கியேந்திய போராளிகளைத் தீட்டியிருப்பது, இந்தத் தெரு யாருடையது என்று காட்டுவதற்காக. தமிழகத்திலேயே எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக்கூண்டுக்குள் இருக்கிறது. நம் ஊர்ச் சாதிப் பிளவுக்கு வெட்கப்பட அந்தக் கூண்டே போதும்.

ஆனால் இரண்டு சிலைகள் திறந்ததால் பகை தீர்ந்துவிடவில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கூட்டமாக எரிக்கப்பட்டன. முதல்வர்கள் செய்துகொண்ட உடன்பாடு பேருந்து நிறுத்துமிடம் வரை போய்ச் சேரவில்லை. அடி விழுவதோ தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் எல்லையோரத்து உழைப்பாளிகள் மேல்.

இந்த எல்லையோர மண்ணுக்கு நினைவுச் சின்னம் புதிதல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியெங்கும் ஆநிரைப் பூசலில் மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் உண்டு. அவற்றில் பலவற்றை மக்கள் இன்று வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வீரன் எந்த அரசன் பக்கம் நின்றான் என்று பொங்கல் வைப்பவர்கள் கேட்பதில்லை. 1991இல் வீடிழந்து வந்தவர்களுக்கும் ஓசூரில் ஒரு கல் நட வேண்டும். அதில் மூன்று மொழிகளிலும் எழுத வேண்டும், எவரையும் பழிக்கும் வாசகம் கூடாது. அதற்கு இடம் தர மாநகராட்சியால் முடியும், செலவைப் பகிர்ந்துகொள்ள சிப்காட் ஆலைகளால் முடியும்.