உமிக்கரியும் நீரிலுள்ள பார உலோகங்களும்

100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி கழிகின்றது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆலைகளின் முற்றங்களில் இவ்வுமி குவிந்து கிடப்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். இதனைச் சாம்பலாக எரிக்காது கரியாகச் சுட்டெடுத்தால், நீரிலும் மண்ணிலுமுள்ள சில நச்சு உலோகங்களை அடக்கிவைக்க அது துணைசெய்யும்.

உலோகம் வரும் வழி

பழைய மின்கலங்களில் ஈயம் உண்டு. படகுகளின் அடிப்புறத்துக்குப் பூசும் சாயங்கள் பலவற்றிற் செம்பு உண்டு. பொசுபேற்று உரத்தில் சிறிதளவு கட்மியம் கலந்திருக்கக்கூடும். இவை கலந்த நீரை நிறத்தாலோ சுவையாலோ அறிய முடியாது. கொதிக்கவைத்தாலும் இவை நீங்கா. கீரையும் கிழங்கும் இவற்றை உறிஞ்சி நம் உணவிற் சேர்க்கும்.

கரியின் தொழில்

உமிக்கரியில் எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. அதன் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றமுடையது. நீரிற் கரைந்த ஈயம், கட்மியம், செம்பு ஆகியவை நேர்மின்னேற்றமுடையவை. ஆதலின் கரியில் ஒட்டிக்கொள்கின்றன. வஸ்கமுவையில் நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே மிகுந்த மண் உண்டு. அம்மண்ணிற் கிளிரிசீடியா விறகுக்கரியைக் கலந்து தக்காளி நட்டபோது, செடி ஏற்ற உலோகத்தின் அளவு வெகுவாகக் குறைந்ததென இலங்கை ஆராய்ச்சியாளர் 2015இல் வெளியிட்டனர்.

சுடும் முறை

1. தகரமொன்றின் பக்கங்களிற் துளையிட்டு, மேலே புகைக்குழாய் பொருத்துக.
2. உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உலர்ந்த உமியைக் குவிக்குக.
3. கருமை மேற்புறத்தை எட்டியதும், அடியிலுள்ள உமியை மேலே புரட்டுக.
4. முழுவதும் கறுத்தவுடன், சாம்பல் நிறம் தோன்றுமுன், நீர் தெளித்து அணைத்துப் பரப்பி உலர்த்துக.

வடிக்கும் முறை

பீப்பாவின் அடியிற் சரளைக்கல், அதன்மேற் கழுவிய மணல், பின்னர் ஓரடி உயரத்துக்குக் கழுவிய கரி, மேலே மீண்டும் மணல் என அடுக்குக. நீரை மெதுவாக ஊறவிடுக. விரைந்தோடும் நீரிற் கரி தன் தொழிலைச் செய்யாது. இந்நீர் நாற்றுமேடைக்கும் சிறு மரக்கறிப் பாத்திக்குமே போதுமானது.

கரியால் ஆகாதவை

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வடபால் கடலரிப்பினால் தென்னந்தோட்டங்கள் அழிந்தன. கரையோர நிலங்களிற் கடல்நீரும் புகுந்தது. அங்குள்ள கமக்காரர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும்: உப்பைக் கரி நீக்காது. உவர்நீரைக் கரியில் வடித்துப் பாய்ச்சினாற் பயிர் கருகும்; உழைப்பும் வீணாகும். ஆசனிக்கு நீரில் எதிரேற்றத்துடன் இருப்பதால், வெறும் உமிக்கரி அதனையும் நன்கு பிடிக்காது. ஆகவே இவ்வாறு வடித்த நீரைக் குடிக்கலாகாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கரி உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைக்கின்றது; நாளடைவில் அதன் கொள்ளளவும் நிரம்பிவிடும். எனவே நீரை வடித்த கரியை வயலிலோ எருக்குழியிலோ இடாது தனியே ஒதுக்கிவைக்குக.

முதலிற் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்துக் குற்றம் உப்பா உலோகமா எனத் தெளிக. அதன் பின்னரே கரி சுடத் தொடங்குக. ஐயமுள்ளோர் தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.