விளக்கு தேய்க்கும் கையால் கார் துடைக்கலாமா?



பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைப்பதில் எங்கள் சொந்தத்திலேயே எனக்குத்தான் முதல் மார்க். வீட்டில் எது மங்கலாக இருந்தாலும் எனக்குக் கை பரபரக்கும். அந்தக் கையாலேயே புதுக் காரைக் கெடுத்து, பழியை ஒன்றும் அறியாத ஒரு பையன் தலையில் போட்ட கதையை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் கணவர் 2022ல் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் மகள் கல்யாணக் கடனை அடைத்தது போக, மீதியில் ஒரு கார் வாங்கினோம். முப்பது வருஷம் ஸ்கூட்டரில் போனவர்; காரை அவர் பார்க்கிற பார்வையே தனி. உள்ளே கியர் பக்கத்திலும், ஏ.சி. காற்று வரும் துவாரங்களைச் சுற்றியும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்புப் பட்டை. நடுவில் சின்ன 'டிவி' போல ஒரு தொடுதிரை. கைபட்டால் ரேகை விழும். காலையில் துடைத்தால் மாலையில் தூசி படிந்து நிற்கும்.

சும்மா இருப்பேனா? பூஜை அறையில் படங்களைத் துடைக்கிற பழைய வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறை அழுத்தித் துடைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் கறுப்புப் பட்டையிலேயே சந்தனம், குங்குமம், விபூதிக் கீற்று. மறுநாள் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுப்பேன். 2020ல் கொரோனா சமயத்தில் பழகிய பழக்கம், கைக்குப் போடும் 'சானிடைசர்' இரண்டு சொட்டு விட்டுத் திரையையும் துடைப்பேன். பளிச்சென்று இருக்கும்!

ஒரு நாள் சாயங்காலம் கோவிலுக்குப் போகும்போது மேற்கு வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. கியர் பக்கம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய கீறல்கள். இவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "யாரு இப்படிப் பண்ணினது?" என்றார்.

யோசிக்கவே இல்லை நான். "கார் துடைக்க வர்ற பையனா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். காலையில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக் காரைக் கழுவி, அந்தப் பணத்தில்தான் பஸ் செலவும் புத்தகச் செலவும். மறுநாள் இவர் மாசச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "இனி வர வேண்டாம்ப்பா" என்றார். அவன் சண்டை போடவில்லை. "நான் உள்ளாற கை வெக்கறதே இல்லீங்க சார். சாவி உங்ககிட்டதானுங்களே இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். சாவி எங்கள் ஹாலில் ஆணியில் தொங்குவது எனக்குத் தெரியாதா? என்றைக்காவது கதவு திறந்திருந்த நேரத்தில் துடைத்திருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கோவையில் கார்களுக்கு மெருகேற்றும் கடை வைத்திருக்கும் என் அண்ணன் மகன் விருந்துக்கு வந்தான். காரைப் பார்த்தவன் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, "ஏனுங்க அத்தை, இதை எந்தத் துணியில துடைச்சீங்க?" என்றான். பெருமையாக வேட்டித் துணியைக் கொண்டுவந்து நீட்டினேன். அதை வெள்ளைத் தாளின் மேல் உதறினான். பொடி மணலும் சாம்பலுமாக விழுந்தது. எனக்கு 'பக்'கென்றது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதுக்குப் பேரு 'பியானோ பிளாக்'குங்க அத்தை. பியானோப் பெட்டி மேல இருக்கிற கறுப்புப் பளபளப்பு மாதிரி செய்யறது. பேருதான் பெரிசு, அடியில பிளாஸ்டிக்தானுங்க. ரோட்டுத் தூசியில மணல் துகள் இருக்கும். மணல் கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? தூசியோட சேர்த்து அழுத்தித் துடைச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்."

"விளக்கு மட்டும் பளபளக்குதே, கண்ணு?" என்றேன். சிரித்தான். சாம்பலும் விபூதியும் பித்தளையின் மேல்தோலைக் கொஞ்சம் அரைத்து எடுப்பதால்தான் விளக்கு மின்னுகிறதாம். பித்தளை கனமானது, எத்தனை வருஷம் தேய்த்தாலும் தாங்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் மேலே இருக்கும் வழவழப்புதான் பளபளப்பே. அதைக் கீறிவிட்டால் போச்சு. கறுப்பு நிறம் வேறு, மயிரிழைக் கீறலையும் காட்டிக் கொடுத்துவிடும்.

அவன் செய்து காட்டிய முறை இது. முதலில் துணியே கூடாது. மென்மையான முடி வைத்த பிரஷ்ஷால் (புதிதாக வாங்கிய பெயின்ட் பிரஷ் போதும், முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ் இன்னும் நல்லது) அழுத்தாமல் தூசியைத் தட்டிவிட வேண்டும். பிறகு 'மைக்ரோஃபைபர்' துணியை லேசாக ஈரமாக்கி, ஒரே திசையில், கையின் கனம் விழாமல் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறலும் வட்டமாக விழுந்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கண்ணில் படும். அடுத்த இழுப்புக்குத் துணியை மடித்துப் புதுப் பக்கம். கடைசியில் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் 'லேபிளை' முதலிலேயே வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும்.

தண்ணீர் விஷயத்திலும் நான் தப்புச் செய்திருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு; காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதைப் போக்க மறுபடி தேய்ப்பேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் கேன் கடையில் கிடைக்கிறது, அதைச் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டால் புள்ளியே விழாது. ஆனால் சகோதரிகளே, ஒன்று கவனம். பேட்டரிக் கடையில் 'ஆசிட்' கேனும் விற்பார்கள். சீல் பிரிக்காததாக, மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

திரைக்கு இன்னும் பக்குவம் வேண்டும். வண்டியை அணைத்து, திரை கறுப்பாக இருக்கும்போது துடைத்தால் ரேகை நன்றாகத் தெரியும், தெரியாமல் எதையாவது அழுத்தி வைக்கவும் மாட்டோம். (ஒரு முறை நான் துடைத்த துடைப்பில் சம்பந்தி அம்மாவுக்கு போன் போய்விட்டது!) திரை மேல் நேராகத் தெளிக்கக் கூடாது, ஓரத்தில் இறங்கிவிடும், துணியில்தான் தெளிக்க வேண்டும். பல திரைகளில் கண் கூசாமல் இருக்கவும், ரேகை ஒட்டாமல் இருக்கவும் மெல்லிய பூச்சு உண்டு. ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் அமோனியா கலந்த திரவமும் சானிடைசரும் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். என் திரையில் நடுவில் திட்டுத் திட்டாக மங்கியிருப்பது ரேகை என்று நினைத்து, ஆறு மாதம் மேலும் மேலும் துடைத்திருக்கிறேன் பாருங்கள்!

வெயிலில் நின்று சுட்டுக்கிடக்கும்போது துடைக்காமல், காலையில் நிழலில் துடைப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறையும் என்பார்கள். ஒரு நாள் மறையும், மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான். 'டூத் பேஸ்ட்' யோசனையும் வேண்டாம். அதுவும் அரைக்கிற சாமான்தான். மெல்லிய கீறல் என்றால் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பாலிஷ் போட்டுக் குறைக்கலாம், ஆழமானது போகாது. புதுக் காராக இருந்தால், முதல் வாரமே கறுப்புப் பட்டைக்குக் கண்ணுக்குத் தெரியாத 'ஃபிலிம்' ஒட்டி, திரைக்கும் செல்போனுக்கு ஒட்டுவது போல ஒரு 'கார்டு' ஒட்டிவிட்டால் நிம்மதி. நமக்கென்று இன்னொன்று இருக்கிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கியர் பக்கம் கை வைக்கும்போது, கையில் உள்ள கண்ணாடி வளையலும் கல் மோதிரமும் செய்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல.

துணியைத் துவைப்பதற்கும் முறை இருக்கிறது. மற்ற பருத்தித் துணிகளோடு போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றுகிறோமே, அந்தத் திரவம் பட்டால் துணி தூசியை இழுக்காது, திட்டுதான் விழும். கொஞ்சம் சோப்புத் திரவத்தில் தனியாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இஸ்திரி கூடாது. கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் திரும்ப எடுக்கவே கூடாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வாளியோடு போன அந்தப் பையன் முகம்தான் கண்ணில் நின்றது. அன்று இரவே இவரிடம், "கீறினது அவன் இல்லீங்க, நான்தான்" என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அது திட்டை விட மோசம்.

மறுநாள் அவன் வீட்டுக்கு நானே போனேன். அவன் அம்மா வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க தப்புங்க, உங்க பையன் மேல சொல்லிட்டேன்" என்றேன். அந்த அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொன்னதைக் கேட்டு இன்னொரு வீட்லயும் நிறுத்திட்டாங்க" என்றார். இது எனக்குத் தெரியவே தெரியாது. அங்கிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போய், அந்த அம்மாளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர்கள் அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் மறுபடி வருகிறான். வந்த முதல் நாள் அவன் பையை எட்டிப் பார்த்தேன். டயருக்கு ஒரு துணி, பாடிக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒன்று, தனித்தனிக் கவரில். "டயர் துணியைப் பாடியில வெச்சா கீறல் விழுந்துருமுங்க" என்றான். அவனுக்கு இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது! இப்போது சாவியை அவனிடமே கொடுத்து, உள்ளேயும் துடைக்கச் சொல்கிறோம். அதற்குத் தனியாகப் பணம்.

பழைய வேட்டித் துணி ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. சந்தனப் பொட்டு இப்போது ஸ்டியரிங் பக்கம் வைத்திருக்கும் சின்னப் பிள்ளையார் நெற்றியில் மட்டும்தான். கியர் பக்கத்துக் கீறலில் பாதி பாலிஷில் போயிற்று, மீதி அப்படியே இருக்கிறது. சாயங்கால வெயில் அதில் விழும்போது இவர் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

- ஒரு வாசகி, ஈரோடு.